எல்லா உயிருக்கும் ஏ.சி.

சந்தானம் வீட்டு விருந்தாளி அறையில் இரண்டு வருடமாக ஒரு பாம்பு தங்கியிருந்தது. வேறு எந்த விருந்தாளியும் அவ்வளவு நாள் தாக்குப்பிடித்ததில்லை. சந்தானம் பேசுவதைத் தொடர்ந்து கேட்க மனிதக் காதுகளால் முடியாது. பாம்புக்கு அந்த உபத்திரவம் கிடையாது.

ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட குட்டை மலைப்பாம்பு. விஷம் இல்லை, சீற்றம் இல்லை. பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். அந்த வீட்டில் இந்த வித்தை தெரிந்த இன்னொரு ஜீவன் சந்தானத்தின் மனைவி அனந்தலக்ஷ்மி. பாம்புக்கு பிக்கிள் என்று பெயர் வைத்தவள் அவர்களுடைய ஒரே மகள் மானஸா. பன்னிரண்டு வயது. டெக்சாஸ் ரிச்சர்ட்சனிலேயே பிறந்தவள். தமிழில் திட்டினால் முழுக்கப் புரியும்; பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அனந்தலக்ஷ்மி பெயரைத் தமிழாக்கி, 'உன் ஊறுகாய் தண்ணிக் கிண்ணத்தைக் கவுத்துட்டுது பாரு' என்பாள். சொல்லும்போது அறைக்கு வெளியே நின்றுதான் சொல்வாள்.

வெங்காயம்கூட வெள்ளிக்கிழமை சேர்க்காத வீட்டில் பாம்பு எப்படி நுழைந்தது என்றால், பள்ளி அறிவியல் கண்காட்சி வழியாக நுழைந்தது. மானஸா பரிசு வாங்கினாள். பாம்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சந்தானம் கறாராகச் சொல்லியிருந்த அந்த வாரம், அவருடைய டெலிகாம் கம்பெனி மேலதிகாரி குடும்பத்தோடு சாப்பிட வந்தார். வெள்ளைக்காரர் பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். 'இன் அவர் கல்ச்சர், ஸ்னேக் இஸ் டிவைன்' என்று சந்தானம் இரண்டு கைகளையும் விரித்து விளக்கினார். கொஞ்ச நாளில் அவர் டைரக்டர் ஆனார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவர் எங்கும் சொன்னதில்லை. பாம்பைத் திருப்பிக் கொடு என்றும் அப்புறம் சொன்னதில்லை. எலி சமாசாரம் மட்டும் எதிர்வீட்டு வெள்ளைக்காரச் சிநேகிதியின் வீட்டில் வாரம் ஒரு முறை நடந்தது. அந்த ஒரு வேளைக்குப் பாம்பு விருந்துக்குப் போய்வருவதாக வீட்டில் பேச்சு.

தொண்ணூற்றெட்டாம் வருடக் கோடை வாரக்கணக்காக நூறு டிகிரிக்குக் கீழே இறங்க மறுத்தது. புல்வெளிகள் பப்படம் மாதிரி நொறுங்கின. மானஸா கண்ணாடித் தொட்டியின் இரண்டு பக்கத்திலும் தெர்மாமீட்டர் ஒட்டி வைத்திருந்தாள். ஒரு பக்கம் தொண்ணூறு, மறுபக்கம் எண்பது இருக்க வேண்டும். பாம்பு தனக்கு வேண்டிய சூட்டை வேண்டிய நேரத்தில் போய் எடுத்துக்கொள்ளும். அதற்கு வேர்க்காது, நாய் மாதிரி நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கவும் தெரியாது. சூடு ஏறினால் இடம் மாறும், அவ்வளவுதான். மாற இடமில்லை என்றால் சாகும். இதையெல்லாம் அவள் ஜூன் மாதமே அப்பாவுக்குச் சொல்லியிருந்தாள். ஆளில்லாத வீட்டில் ஏ.சி. எதற்கு என்று தினமும் காலையில் தெர்மோஸ்டாட்டை அணைத்துவிட்டு ஆபீஸ் போகிறவர் அவர். சொல்லி, அழுது, சாப்பிடாமல் இருந்து, அதை நிறுத்த வைத்திருந்தாள். விருந்தாளி அறையின் திரையை மூடி, தொட்டி மூடியின் பாதிமேல் ஈரத் துண்டு போட்டு, அந்த ஒரு மூலையை அவள் காப்பாற்றி வைத்திருந்தாள்.

ஜூலை மாதம் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் சந்தானம் தொண்டையைச் செருமினார். அவர் ரிச்சர்ட்சன் முத்தமிழ்ப் பேரவையின் தலைவர். ரசம் கேட்பதற்குமுன்கூடச் செருமுவார்.

"கோடை விழாவுக்குத் திருமூர்த்தி ஐயா வரார். 'எல்லா உயிரும் ஓருயிர்'னு ஸ்பீச். அமெரிக்கா முழுக்க டூர். நம்ம ஊர்ல நம்மாத்துலதான் தங்கறார்."

"ஹோட்டல்ல போடலாமே" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"தலைவர் ஆத்துல தங்காம ஹோட்டல்ல தங்கினா நஞ்சப்பன் அடுத்த வருஷம் எலக்ஷன்ல என்னைக் கிழிச்சுடுவான். கெஸ்ட் ரூமை க்ளீன் பண்ணு. மானஸா, அதை கராஜ்ல வை."

மானஸா ஸ்பூனைக் கீழே வைத்தாள். "கராஜ்? அப்பா, இட்ஸ் லைக் ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டீன் இன் தேர்."

"ஆப்பிரிக்காவிலேர்ந்து வந்த பிராணி. அதுக்கு டெக்சாஸ் வெயில் சந்தனம் பூசினாப்பல. ராமநாதபுரத்துல இல்லாத வெயிலா? அங்க இல்லாத பாம்பா?"

"தேர், இட் கேன் கோ இன் எ ஹோல். ஹியர், இட்ஸ் இன் எ பாக்ஸ்."

"என் ரூம்ல வெச்சுக்கறேங்கறா, வெச்சுக்கட்டுமே" என்றாள் அனந்தலக்ஷ்மி. மானஸா அப்படிச் சொல்லவில்லை. சொல்லப் போகிறாள் என்று அம்மாவுக்குத் தெரியும்.

"வேண்டாம். ஏ.சி. டக்ட் வழியா வாசனை வரும். அவர் பூஜை பண்றவர். ஜீவகாருண்யம் பேசறவர், ஆத்துக்குள்ள ஜீவன் இருந்தா என்ன நினைச்சுப்பார்?"

தான் சொன்னது என்ன என்று அவருக்குக் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் கொலராடோவுக்கு விடுமுறை போயிருந்தார்கள். மேலதிகாரி வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்கட்டுமா என்றாள் மானஸா. சந்தானம் அவளைப் பார்த்த பார்வையில் பேச்சு முடிந்தது.

அவள் அழவில்லை. வேலையைப் பார்த்தாள். கராஜில் வெயில் படாத வடக்கு மூலையில், சிமெண்ட் தரைமேல் தொட்டியை வைத்தாள். வெப்பப் பாயின் வயரைப் பிடுங்கினாள். கோலா பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீஸரில் உறைய வைத்து, குளிர் நேராகத் தாக்காமல் இருக்கத் தன்னுடைய சாக்ஸ்களை ஒவ்வொன்றுக்கும் மாட்டி, தொட்டியின் ஒரு பக்கத்தை ஒட்டி அடுக்கினாள். ஊதாவில் மஞ்சள் நட்சத்திரம் போட்ட சாக்ஸ். உருகினால் மாற்ற இன்னொரு ஜோடி ஃப்ரீஸரில். கராஜ் கதவைக் காற்றுக்காக ஒரு சாண் உயர்த்தி வைத்தாள். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் பகல் முழுவதும் போய்ப் போய் மாற்றினாள். குளிர்ந்த பக்கம் எண்பத்தெட்டுக்குமேல் ஏறவில்லை. மோசம்தான், ஆனால் உயிரோடு இருக்கலாம்.

திருமூர்த்தி ஐயா வெள்ளிக்கிழமை வந்து இறங்கினார். சிவப்பான, அகலமான மனிதர். தண்ணீர் கேட்டாலும் மேடைத் தமிழில் கேட்பார். விருந்தாளி அறைக்குள் நுழைந்ததும் மேலே பார்த்தார்.

"இந்தக் குளிர்காற்று என் குரல்வளைக்கு ஒவ்வாது, தலைவர் அவர்களே. எப்படி அடைப்பது?"

சந்தானம் நாற்காலி போட்டு ஏறி, கூரையிலிருந்த காற்று வரும் துவாரத்தை மூடினார். கொஞ்ச நேரத்தில் அந்த அறை எண்பது டிகிரியில் நின்றது. வாசலில் துண்டோடு நின்ற மானஸா அதை உடம்பாலேயே அளந்துவிட்டாள். பாம்புக்கு வேண்டிய சூடு, ஒரு புள்ளி கூடாமல் குறையாமல். அந்தச் சூட்டில் திருமூர்த்தி ஐயா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார்.

சனிக்கிழமை விழா. இர்விங்கில் ஒரு பள்ளிக்கூட அரங்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ரிச்சர்ட்சனிலிருந்து ஃப்ரீவேயில் முக்கால் மணி. கிளம்புவதற்குமுன் மானஸா பாட்டில்களைப் புதிதாக மாற்றினாள். "அஞ்சு மணிக்கு முடிஞ்சுடும், ஆறுக்கு ஆத்துல இருப்போம்" என்று அப்பா சொன்ன கணக்கை வைத்து, இருந்த அத்தனை பாட்டில்களையும் அடுக்கினாள். அவள்தான் தொடக்கத்தில் இறைவணக்கம் பாட வேண்டும், முடிவில் நாட்டுப்பண்ணும் பாட வேண்டும். தலைவர் மகள் என்றால் முன்னும் பின்னும் அவள்தான். பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்க் கடைசியாகத் தொட்டிக்குள் பார்த்தாள். பிக்கிள் பாட்டில் பக்கம் ஒட்டிப் படுத்திருந்தது. வேனில் ஏறி உட்கார்ந்தாள். அம்மா பக்கத்தில், ஐயா முன்னால். அப்பா மட்டும் மாலைக்கான ஐஸ் பெட்டியை மறந்துவிட்டாரென்று கராஜுக்குள் போய்வந்தார். அவர் பின்னால் கதவு தரைவரை இறங்கிற்று. மேளதாளப் பாட்டு கேசட் ஓடிக்கொண்டிருந்ததில் யாரும் கவனிக்கவில்லை.

அரங்கத்தில் ஏ.சி. பிரமாதம். காஞ்சிபுரம் பட்டுகளுக்குமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சபை உட்கார்ந்திருந்தது. மானஸா இறைவணக்கம் பாடிவிட்டு மேடை ஓரத் திரைக்குள் வந்து நின்றாள். "நமது சிறப்பு விருந்தினருக்குத் தலைவர் அவர்கள் மலர்மாலை அணிவிக்கிறாருங்க" என்று மைக்கில் செயலாளர் நஞ்சப்பன் சொன்னார். கோயமுத்தூர்க்காரர். சந்தானம் திரைக்குள் வந்து பெரிய ஐஸ் பெட்டியைத் திறந்தார். அனந்தலக்ஷ்மி கடை ரோஜாக்களை வாங்கி முதல் நாள் முழுக்க உட்கார்ந்து கட்டிய மாலை, இதழ் வாடாமல், ஈரமாக மின்னிக்கொண்டு வந்தது. அதற்குக் கீழே ஊதாவில் மஞ்சள் நட்சத்திரங்கள்.

மானஸா குனிந்து பார்த்தாள். எண்ணிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. எல்லாம் இருந்தன.

"அப்பா. யூ டுக் தெம்?"

"ஐஸ் பத்தலைடி. மாலை கருகிடும்." அவர் மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். "சும்மாத்தானே கிடந்தது அங்க."

"அண்ட் த டோர்?"

"தொறந்து போட்டுட்டு வந்தா? ஐயா வேன்ல உக்காந்துண்டு திரும்பிப் பார்த்தா தொட்டி தெரியறது."

அவர் வெளிச்சத்துக்குப் போய்விட்டார். கைத்தட்டல் எழுந்தது.

மானஸா மேடைப் படியிறங்கி முன்வரிசைக்கு ஓடினாள். அம்மாவின் மடியில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். வேகமாகச் சொன்னதில் பாதி ஆங்கிலமும் பாதி மூச்சுமாக இருந்தது. அனந்தலக்ஷ்மிக்குப் புரிந்துவிட்டது. மகளின் கை ஐஸாக இருந்தது. அனந்தலக்ஷ்மிக்கு லைசென்ஸ் உண்டு. மளிகைக் கடைவரை ஓட்டுவாள். ஃப்ரீவேயில் ஏறினதில்லை, ஏறவேண்டாம் என்று சந்தானம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். வேன் சாவி, வீட்டுச் சாவி, கராஜ் ரிமோட், எல்லாம் அவருடைய ஜிப்பாப் பையில்.

அவள் எழுந்து மேடை ஓரத்துக்குப் போனாள். சந்தானம் வரவேற்புரையின் நடுவில் இருந்தார். அவள் கையை அசைத்தாள். பொன்னாடை எடுத்துவரட்டுமா என்று கேட்பதாக நினைத்து, அவர் இரு என்று உள்ளங்கையைக் காட்டினார். அவள் திரும்பவும் அசைத்தாள். அவர் மைக்கை விட்டு முகத்தை மட்டும் திருப்பினார். மைக் அவரை விடவில்லை.

"பாம்பா முக்கியம் இப்போ?" என்று அரங்கம் முழுவதும் ஒலித்தது.

பின்வரிசைகளில் சிலர் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்கள். ஒரு குழந்தை வீரிட்டது. இன்னொருவராக இருந்தால் அங்கே பேச்சை முடித்திருப்பார். சந்தானம் சபையைப் பார்த்துச் சிரித்தார். "பாம்பென்றால் படையும் நடுங்கும் என்றார்கள் நம் முன்னோர். ஏன் சொன்னார்கள்?" என்று ஆரம்பித்தார். முன்னோர் ஏன் சொன்னார்கள் என்பதை அரை மணி நேரம் விளக்கினார். சிவன் கழுத்துக்கும் திருமால் படுக்கைக்கும் போய்த் திரும்பினார். நாகத்தை வணங்கும் ஒரே நாகரிகம் நம்முடையது என்றார். பலத்த கைத்தட்டல்.

மானஸா நஞ்சப்பனிடம் போயிருந்தாள். அவர் குனிந்து கேட்டார்.

"செரி, அழுவாத அம்மிணி. நான் கூட்டிட்டுப் போறேன். உங்கப்பங்கிட்ட சாவி மட்டும் வாங்கோணும்." சந்தானம் இறங்கி வந்ததும் அவரை மடக்கினார். "ஏனுங்க தலைவரே, சாவியக் குடுங்க. பாப்பாவக் கூட்டிட்டு ஒரு எட்டுப் போய்ட்டு வந்தர்றேன். உசுருங்க அது."

"நீர் போனா மைக் யாரு? அடுத்தது ஸ்பான்ஸர்களுக்குப் பொன்னாடை. பேர் எல்லாம் உமக்குத்தான் தெரியும். நாட்டுப்பண் யார் பாடறது? அவ போயிட்டா கேசட்டா போடறது? முத்தமிழ்ப் பேரவையா, டேப் ரிக்கார்டர் கடையா?"

"அப்புறம் அது செத்துப் போச்சுன்னா?"

"சாகாதுய்யா. ஆப்பிரிக்கா."

நஞ்சப்பன் சாவி இருந்த ஜிப்பாப் பையையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த வருடத் தேர்தல் அவருக்கும் ஞாபகம் வந்திருக்கலாம். ஸ்பான்ஸர்களின் பெயர் எழுதிய அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். "வெரசா முடிச்சர்றோம் கண்ணு" என்று மானஸாவின் தலையைத் தொட்டுவிட்டு மேடையேறினார்.

ஒவ்வொரு பொன்னாடையும் பிரித்து, போர்த்தி, போட்டோவுக்குத் திரும்பி, மடித்து, கொடுத்தவருக்கே திரும்பப் போர்த்தப்பட்டது. இன்ஷூரன்ஸ்காரர், பல் டாக்டர், சமோசா சப்ளை செய்தவர், சமோசா சப்ளை செய்தவரை அறிமுகம் செய்தவர். போர்த்திக்கொண்ட ஒவ்வொருவரும் இரண்டு வார்த்தை பேசினார்கள். மானஸா சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நின்றாள். குளிரில் பல் கிட்டியது. ஸ்வெட்டர் கொண்டுவந்த ஒரு ஆன்ட்டி அவள் தோளில் அதைப் போட்டாள். அவள் அது விழுந்ததைக் கவனிக்கவில்லை.

பிறகு திருமூர்த்தி ஐயா பேசினார். நன்றாகவே பேசினார், அதுதான் வேதனை. காலடியில் நசுங்கும் எறும்பைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. முன்வரிசையில் டிஷ்யூ காகிதம் கைமாறியது. அனந்தலக்ஷ்மி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு உயிர் தவிக்கும்போது பார்த்துக்கொண்டிருப்பவன் அதைக் கொன்றவனுக்குச் சமம் என்று அவர் சொன்ன இடத்தில் அவள் எழுந்துவிட்டாள். எழுந்து நின்றாள். எங்கே போவது? சாவி மேடையில் நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தது. மறைக்காதே என்று பின்னால் யாரோ சொன்னார்கள். உட்கார்ந்தாள்.

நாட்டுப்பண்ணை மானஸா பாடினாள். சுருதி பிசகவில்லை. எவ்வளவு சீக்கிரம் பாட முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பாடினாள். சிலர் எழுந்து நிற்பதற்குள் முடிந்துவிட்டது.

அப்போதே ஆறு தாண்டிவிட்டது. திரும்பும் வழியில் சந்தானம் ரிச்சர்ட்சன் எல்லையில் ஃப்ரீவேயிலிருந்து முன்னதாகவே இறங்கினார். கண்ணாடிக் கட்டடம் ஒன்றைச் சுற்றி வேனை மெதுவாக ஓட்டினார்.

"இதுதான் நம்ம ஆபீஸ். அந்த நாலாவது மாடி, மூலை ஜன்னல்."

"ஆஹா" என்றார் திருமூர்த்தி ஐயா. "தமிழன் தலைநிமிர்ந்து நிற்கும் கட்டடம்."

"அப்பா, ப்ளீஸ்" என்றது பின்சீட்டு. "ப்ளீஸ், ப்ளீஸ், ப்ளீஸ்."

"ஒரு ரவுண்டுதான்டி."

ரிமோட்டை அழுத்தியதும் கராஜ் கதவு ஏறியது. முதலில் வெளியே வந்தது சூடு, உள்ளே அடைத்து வைத்திருந்த ஒரு கூட்டம் மாதிரி. வேன் நிற்பதற்குள் மானஸா குதித்துவிட்டாள். தொட்டியின் இரண்டு தெர்மாமீட்டர்களும் ஒரே எண்ணைக் காட்டின. நூற்றுப் பன்னிரண்டு. மாறிப் போக இடமே இருந்திருக்கவில்லை.

பாம்பு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் இருந்தது. கொள்ளாத கிண்ணத்துக்குள் எப்படியோ முழு உடம்பையும் திணித்துச் சுருண்டிருந்தது. தலை மட்டும் விளிம்புக்கு வெளியே, வாய் திறந்தபடி. கிண்ணத்துத் தண்ணீர் வெந்நீராக இருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் முழுவதும் மூக்கு உரசிய தடம். அவள் எடுத்தபோது பந்தாகச் சுருளவில்லை. துணி மாதிரி தொங்கியது.

மாடிக் குளியலறையில் குளிக்கும் தொட்டியை நிரப்பி அதில் பாம்பைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள். தண்ணீரைக் கையால் முதுகில் விட்டுக்கொண்டே இருந்தாள். அனந்தலக்ஷ்மி பட்டுப்புடவையோடு ஈரத்தரையில் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சம் பார்த்தாள். பிறகு தண்ணீருக்குள் கையை விட்டு வால் பக்கத்தைத் தாங்கிக்கொண்டாள். இரண்டு வருடத்தில் முதல் தடவை தொடுகிறாள். வழுவழுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். உலர்ந்து, மென்மையாக, குழந்தையின் உள்ளங்கால் மாதிரி இருந்தது.

"ஊறுகாய்" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். "டேய் ஊறுகாய்."

மானஸா அம்மாவைப் பார்க்கவில்லை. "யூ குட் ஹேவ் டிரிவன்" என்றாள், மெதுவாக, கோபமே இல்லாமல். அனந்தலக்ஷ்மி வாலை விடவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. "என்ன நிகழ்ந்தது?" என்றார் திருமூர்த்தி ஐயா. பின்னால் சந்தானம், சிரிப்பதா செருமுவதா என்று தீர்மானிக்காத முகத்தோடு நின்றார்.

பாம்பு செத்துவிட்டது தெரிந்ததும் ஐயா கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மேடையில் இருந்தார். "அரவம் இல்லத்தில் தவித்து இறந்தால் அது ஏழு தலைமுறைக்குத் தோஷம், தலைவர் அவர்களே. முயற்சிகள் தடைபடும். காரியங்கள் கடைசிப் படியில் சறுக்கும்."

சந்தானத்தின் முகம் வெளுத்தது. கிரீன் கார்டு கடைசிப் படியில்தான் நின்றுகொண்டிருந்தது.

"பரிகாரம் ஏதாவது…"

"உண்டு. வெண்பட்டுச் சுற்றி, மஞ்சள் பூசி, பால் வார்த்து, ஒரு நாணயம் வைத்து மனிதருக்குச் செய்வதுபோல் அடக்கம் செய்ய வேண்டும். பொழுது சாய்ந்துவிட்டதே, இன்று ஆகாது. நாளைக் காலை நானே முன்னின்று நடத்திவைக்கிறேன். அதுவரை உடல் கெடாமல் இருக்க வேண்டும்."

அதற்குப் பிறகு சந்தானம் காட்டிய சுறுசுறுப்பை அந்த வீடு பார்த்ததில்லை. தெர்மோஸ்டாட்டை அறுபத்தெட்டுக்கு இறக்கினார். கடைக்கு வேனை விரட்டிப்போய் ஐஸ் மூட்டைகள் வாங்கிவந்தார். ஐஸ் பெட்டியைத் தேய்த்துக் கழுவி, ஐஸைப் பரப்பி, அதன்மேல் தனக்கு அன்று போர்த்திய பொன்னாடையை விரித்தார். மகள் கையிலிருந்து பாம்பை வாங்கி அதன்மேல் வளைத்துக் கிடத்தினார். சுற்றிலும் அந்த நட்சத்திர சாக்ஸ் பாட்டில்களை, திரும்ப உறைய வைத்து எடுத்து, அணைத்தாற்போல் நிறுத்தினார். மேலே அதே ரோஜா மாலை. பெட்டியைக் கராஜில் வைக்க மனம் வரவில்லை. விருந்தாளி அறையில் வைத்தார். ஐயா ஆட்சேபிக்கவில்லை. தனக்கு ஹாலில் சோபா போதும் என்று சொல்லிவிட்டார்.

இத்தனையையும் மானஸா மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குமுன் கொல்லைப்புறத்தில் குழி வெட்டினார்கள். மண் கல்லாக இறுகியிருந்தது. நஞ்சப்பன் கடப்பாரையோடு வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை, கேள்விப்பட்டு வந்தார். மானஸாவின் முகத்தைப் பார்க்காமல் வெட்டினார். பால், மஞ்சள், கால் டாலர் நாணயம் எல்லாம் போடப்பட்டன. திருமூர்த்தி ஐயா கண்ணீர் மல்க, எல்லா உயிரும் ஓருயிர், இதோ என் சகோதரன் உறங்குகிறான் என்றார்.

"ஒரு பாட்டுப் பாடு, மானஸா. நேத்துப் பாடினியே, அந்த இறைவணக்கம்" என்றார் சந்தானம்.

மானஸா திருமூர்த்தி ஐயாவை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பேசியது தமிழ். ஒவ்வொரு சொல்லையும் இரவே எடுத்துத் துடைத்து வைத்திருந்தாற்போல் இருந்தது.

"உங்க பிரதர்னா, நீங்க கராஜ்ல படுத்திருக்கலாமே அங்கிள்."

நஞ்சப்பன் கடப்பாரையின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். சந்தானம், குழந்தை, தமிழ் சரியா வராது, தப்பா எடுத்துக்காதீங்கோ என்று ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டார். ஐயா தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் யோசனையில் இருந்தார்.

அந்த யோசனை செப்டம்பர் மாதம் ஹூஸ்டனிலிருந்து ஒரு கேசட்டாக வந்துசேர்ந்தது. ஐயா அங்கே பேசியதன் ஒலிப்பதிவு. சந்தானம் அதை எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டினார் என்பதற்குக் கணக்கில்லை. பேரவையில் புதிதாகச் சேர்ந்த தம்பதி ஒன்று ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோதும் போட்டார்.

"ரிச்சர்ட்சன் நகரிலே ஓர் இல்லத்திலே தங்கினேன்" என்றது கேசட். "எனக்குக் கொடுத்த அறையிலே ஏற்கெனவே ஓர் உயிர் இருந்தது. ஒரு நாகம்! வெளியே நெருப்பாய்க் கொதிக்கிறது. நான் சொன்னேன், அம்மா, அந்தக் குளிர் அறை அந்த ஜீவனுக்கே இருக்கட்டும். கராஜிலே, அந்தக் கொதிக்கின்ற கராஜிலே, ஒரு பாயை விரியுங்கள். எனக்கு அது போதும்!"

ஹூஸ்டன் எழுந்து நின்று கைதட்டியது. சந்தானம் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் நடந்ததென்று தோன்ற ஆரம்பித்து வெகு நாளாகியிருந்தது.

"இந்த இடம், இந்த இடம்" என்று ரீவைண்ட் பொத்தானுக்குக் கையை நீட்டினார்.

வந்திருந்த பெண்ணுக்குப் புல்லரித்துவிட்டது. காபித் தட்டோடு வந்த அனந்தலக்ஷ்மியிடம் திரும்பினாள்.

"நிஜமாவா ஆன்ட்டி? இது உங்க வீட்லயா நடந்துது?"

மாடியில் ஒரு கதவு, எப்போதும்போல், சாத்தியிருந்தது. அனந்தலக்ஷ்மி தட்டை மேஜைமேல் வைத்தாள். டம்ளரை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

"இல்லம்மா. எங்காத்துல அது செத்துப் போச்சு" என்றாள். "சக்கரை சரியா இருக்கா பாரு."